ஸ்கேன் சரியாக இருந்தது, பிள்ளை சரியாக இல்லை

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று என் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு வயது மகன் சைக்கிளோடு சரிவில் விழுந்து, நெற்றி தரையில் மோதி, நினைவில்லாமல் கிடந்தவனை அள்ளிக்கொண்டு ஓடி, பதினோராவது நாள் அது. பார்வை சரி, கை கால் வலு சரி, நடை சரி, பேச்சு சரி, வலிப்பு இல்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் 'நல்ல மீட்சி' என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்துவிட்டு மருத்துவமனை வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் யாரோடு விளையாடுவான், கோபம் வந்தால் எப்படித் தணிவான், வகுப்பில் எப்படி இருப்பான் என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைப்பதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் தொலைத்ததையும் அதற்கப்புறம் கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ படித்தால், அவர்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும்.

சேர்த்த அன்று கிளாஸ்கோ கோமா அளவுகோலில் அவனுக்கு 10 என்றார்கள். கண் திறக்கிறானா, பேசுகிறானா, சொன்னால் அசைகிறானா என்று மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண் அது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது. முன்மூளையில் சிறிய கன்றல், அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. அந்த 'நல்ல மீட்சி' எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கிளாஸ்கோ விளைவு அளவுகோல் என்று ஒன்று 1975இல் வந்தது. மரணத்தில் தொடங்கி நல்ல மீட்சி வரை ஐந்தே படிகள். பெரியவர்களை மனதில் வைத்துச் செய்தது. குழந்தைகளுக்கென்று அதை மாற்றியமைத்த வடிவம் ஒன்று 2001இலும், இன்னும் விரிவான ஒன்று 2012இலும் வந்தன. பிழைத்தாரா, தன் வேலையைத் தானே பார்க்கிறாரா என்று சுருக்கமாகச் சொல்ல இத்தகைய அளவுகோல் வேண்டும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார ஒரு பிள்ளையாவது இருக்கிறதா என்று அது கேட்காது. அதைக் கேட்க வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. இருக்கின்றன என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதம் வீட்டில் எல்லாரும் அவனைச் சுற்றியே இருந்தோம். அவன் அக்கா தன் பொம்மைகளையெல்லாம் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் வந்து தலையைத் தடவிப் பார்த்து, "சின்னப் பிள்ளைதானே, மூளை சீக்கிரம் கூடிக்கொள்ளும்" என்றார்கள். எனக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அது உண்மையில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் படும் நடுத்தரமான, கடுமையான காயங்கள் பல நேரம் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே நீண்ட காலத் தொல்லை தருகின்றன. பெரியவருக்கு ஏற்கெனவே கற்றுவைத்தது கையில் இருக்கிறது. குழந்தை இனிமேல்தான் கற்க வேண்டும், கற்கும் இடத்திலேயே அடிபட்டிருக்கிறது. அதிலும் பொறுமை, வரிசையில் காத்திருப்பது, எதிராளியின் முகம் பார்த்துப் பேசுவது இதற்கெல்லாம் பொறுப்பான முன்மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஏழு வயதில் பட்ட அடி ஏழு வயதில் தெரியாமல், பதினொன்றில் வெளியே வரலாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் செய்யாமல் விட்ட முதல் காரியத்தைச் சொல்கிறேன். மருத்துவமனையில் இருக்கும்போதே, அல்லது வீட்டுக்கு வந்த முதல் சில வாரத்துக்குள், விபத்துக்கு முன் பிள்ளை எப்படி இருந்தான் என்று எழுதி வைத்துவிடுங்கள். நண்பர்கள் யார் யார், வாரத்தில் எத்தனை நாள் சேர்ந்து விளையாடினார்கள், கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டுப்பாடத்துக்கு எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது, எப்படித் தூங்கினான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். காயம் பட்ட உடனேயே பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்து, 'அடிபடுவதற்கு முந்தைய நாட்களை நினைத்து நிரப்புங்கள்' என்பார்கள். அவசரம் எதற்கென்றால், நாள் ஆக ஆக நம் நினைவு பழைய நாட்களுக்குப் பொன்முலாம் பூசிவிடும். இரண்டு வருடம் கழித்து என்னிடம் கேட்டபோது என் மகன் முன்பு அடம் பிடித்ததே இல்லை என்று சொன்னேன். அவன் அக்கா பக்கத்திலிருந்து, "இல்லம்மா, பிடிப்பான், நீ மறந்துட்ட" என்றாள். எனக்கு நெஞ்சில் குத்தியது போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

மூன்றாவது மாதம் பள்ளிக்கு அனுப்பினோம். முதல் வாரம் கைதட்டி வரவேற்றார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து நோட்டில் குறிப்பு வர ஆரம்பித்தது. வகுப்பில் நடுவே பேசுகிறான். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறான். விளையாட்டில் தோற்றால் பந்தைத் தூக்கி எறிகிறான். மதியத்துக்கு மேல் மேஜையில் படுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து கேட்டால், "நான் எதுவும் பண்ணலம்மா" என்பான். பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். அதற்காக அடித்தும் இருக்கிறேன். அவனுக்கு உண்மையிலேயே தன்னிடம் ஏதும் மாறியது தெரியவில்லை, தன்னைத் தான் கவனிக்கும் திறனும் அந்தக் காயத்தோடு குறைந்து போயிருந்தது என்பது தெரிந்தபோது, அந்த அடிகளை நினைத்துப் பல ராத்திரி தூங்கவில்லை. இப்போதும் சில ராத்திரி அப்படித்தான்.

நரம்பியல் மருத்துவரிடம் போனோம். மறுபடி ஸ்கேன். கன்றல் ஆறிவிட்டது, ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றார்கள். படத்தில் கட்டமைப்பு தெரியும், நடத்தை தெரியாது என்று அப்போது சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்து நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் காத்திருந்து போனோம். 104 வந்தது. சராசரி 100 என்பதால், "படிப்பு வரும், கவலைப்படாதீர்கள், கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சந்தோஷப்படுவதா, குழம்புவதா என்று தெரியாமல் வீடு வந்தேன். அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. அது நடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அமைதியான அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் பொறுமையான ஒரே ஒரு பெரியவர், 'இப்போது இதைச் செய், போதும், அடுத்தது' என்று ஒவ்வொன்றுக்கும் அவரே தொடக்கமும் முடிவும் சொல்கிறார். பிள்ளையின் முன்மூளை செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துவிடுகிறார். நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில், யாரும் சொல்லாமலே எப்போது பேசுவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பது வேறு வேலை. ஆகவே பிள்ளையின் நடத்தையிலோ நட்பிலோ மாற்றம் கண்டு போகிறீர்கள் என்றால், நுண்ணறிவு மதிப்பெண்ணோடு திரும்பாதீர்கள். 'சமூக நடத்தையையும் மனநிலையையும் அளக்கும் கேள்வித்தாள்கள் வேண்டும், பள்ளியிலிருந்தும் நிரப்பி வாங்க வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அந்த எட்டு மாதத்தில் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கவனம் வளர்க்கும் வகுப்பு என்று ஒன்றில் சேர்த்தோம், தனிப்பாடம் வைத்தோம், இரண்டுக்குமாக வீட்டில் நான்கு மாதச் சம்பளம் போனது. அவனோடு இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். கடைசியில் பள்ளியை மாற்றினோம். புது இடம், புது முகங்கள், பழைய பெயர் ஒட்டாது என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. பழைய பள்ளியில் அவனுக்கு ஒரே ஒரு நண்பன் மிஞ்சியிருந்தான். மழலையர் வகுப்பிலிருந்து கூட இருந்த பையன், இவன் கத்தினாலும் பக்கத்தில் இருப்பான். மாற்றிய பிறகு அந்தப் பையனும் போய்விட்டான். பிள்ளைக்கு எது குறைகிறது என்று தெரியாமல் மருந்து தேடினால், இருக்கிற நல்லதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவோம்.

ஒன்றரை வருடம் ஆன பிறகு, வேறொரு வேலையாகச் சந்தித்த ஒருவர் சொல்லி ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனேன். அவர் ஸ்கேன் கோப்பைத் திறக்கவே இல்லை. "விழுவதற்கு முன் எப்படி இருந்தான்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்ல என்னிடம் ஒரு தாள் கூட இல்லை. பழைய பள்ளியில் கேட்டபோது, "அவன் முதலிலிருந்தே துறுதுறுதான், அதனால்தானே விழுந்தான்" என்று சொல்லியிருந்தார்கள். அதை மறுக்கவும் என்னிடம் எதுவும் இல்லை. இந்தச் சந்தேகம் நியாயமானது என்றும் உளவியலாளர் விளக்கினார். துடுக்கான பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள். அது போக, மருத்துவமனையில் கிடப்பது, பயம், பள்ளி விடுபடுவது இவையே ஒரு பிள்ளையை மாற்றிவிடும். அதனால்தான் ஆய்வுகளில் மூளைக்காயம் பட்ட பிள்ளைகளை, கை கால் எலும்பு முறிந்து சேர்ந்த பிள்ளைகளோடு ஒப்பிடுகிறார்களாம். இரண்டு பேருக்கும் விபத்து உண்டு, வலி உண்டு, படுக்கை உண்டு. மிச்சம் நிற்கும் வித்தியாசம் மூளையுடையது.

அவர் முதலில் கொடுத்தது எஸ்.டி.க்யூ. என்ற இரண்டு பக்கத் தாள். ராபர்ட் குட்மன் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது, தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மனக்கவலை, அடங்காமை, துறுதுறுப்பும் கவனமின்மையும், ஒத்த வயதினரோடு சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பகுதிக்கும் ஐந்தைந்து வாக்கியம். முதல் நான்கையும் கூட்டினால் மொத்தத் தொல்லை 0 முதல் 40க்குள் வரும். உதவும் குணத்தைத் தனியாக வைப்பார்கள். நான் நிரப்பியதில் 19 வந்தது. பெற்றோர் தாளில் 17ம் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. அவன் அப்பா நிரப்பியதில் 9. வகுப்பாசிரியை நிரப்பியதில் 21.

அன்று ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. நான் பிள்ளையை நோயாளியாக்குகிறேன் என்று அவர், அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நான். அடுத்த முறை போனபோது உளவியலாளர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்றார். அப்பா பார்ப்பது ராத்திரியும் ஞாயிறும், அதுவும் அவர்கள் இரண்டு பேர் மட்டும். ஆசிரியை பார்ப்பது கூட்டத்தில். நான் பார்ப்பது பள்ளி முடிந்து களைத்து வரும் நேரத்தில். ஒரே பிள்ளை, மூன்று இடம். தொல்லை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே அவனுக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அதனால் சொல்கிறேன், ஒருவர் மட்டும் நிரப்பிக் கொடுக்காதீர்கள். கணவனும் மனைவியும் கலந்து பேசி ஒரே பதில் எழுதாதீர்கள், தனித்தனியாக நிரப்புங்கள். மதிப்பெண் ஒத்துப்போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம், உபயோகமான செய்தி அந்த வேறுபாட்டில்தான் இருக்கும்.

மொத்தத்தை விட உள்ளே பிரித்துப் பார்த்தது எனக்குக் கண்ணைத் திறந்தது. 19ல் மனக்கவலை 3, அடங்காமை 3, கவனமின்மை 6, ஒத்த வயதினரோடு சிக்கல் 7. ஒன்றரை வருடமாகப் பள்ளியும் நாங்களும் சேர்ந்து அவனுடைய அடங்காமையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அது வெறும் 3, எல்லைக்கோட்டில் நின்றது. 7 நட்பில் இருந்தது. அப்புறம் அந்தத் தனிப்பகுதி, உதவும் குணம், பத்துக்கு 8. ஆசிரியை தாளிலும் அது நன்றாகவே இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் உடைந்து போனேன். என் பிள்ளைக்கு மற்றவர்கள் மேல் ஆசை போகவில்லை. யாராவது விழுந்தால் ஓடுகிறான், பென்சில் இல்லை என்றால் தன்னுடையதைக் கொடுக்கிறான். ஆசை இருக்கிறது, வழி தெரியவில்லை. முரடன் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். ஒரு தாள் அதை மறுத்துச் சொன்னது.

அடுத்து பிரீஃப் என்ற கேள்வித்தாள், 2000இல் வந்தது. 86 வாக்கியங்கள், பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. அன்றாடத்தில் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறனை அளக்கிறது: அடக்கிக்கொள்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது, தொடங்குவது, திட்டமிடுவது போன்றவை. 50 சராசரி, 65ம் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டியது. அவனுக்கு அடக்கிக்கொள்வதில் 72, உணர்ச்சிக் கட்டுப்பாட்டில் 70, திட்டமிடுவதில் 56. இப்படிப் பிரித்துத் தெரிந்த பிறகுதான், கவன வகுப்புக்குப் போன பணம் ஏன் பலன் தரவில்லை என்று புரிந்தது. நாங்கள் தைத்துக்கொண்டிருந்தது கிழியாத இடத்தை.

அவனிடமும் கேட்டார்கள். பெட்ஸ்க்யூஎல் என்று ஒன்று, ஜேம்ஸ் வார்னி என்பவரும் அவருடைய குழுவும் செய்தது. 23 கேள்விகள், கடந்த ஒரு மாதத்தில் உடல், மனம், நட்பு, பள்ளி இவற்றில் எவ்வளவு சிரமம் என்று. ஐந்து வயதிலிருந்தே குழந்தையிடம் நேரடியாகக் கேட்கும் வடிவம் உண்டு. சிரமமே இல்லை என்றால் 100, எப்போதும் சிரமம் என்றால் 0. நட்புப் பகுதியில் ஐந்து கேள்விக்கும் அவன் போட்டதைப் பார்த்தேன்: மூன்றில் சிரமமே இல்லை, ஒன்றில் மிக அரிதாக, ஒன்றே ஒன்றில் எப்போதும். கூட்டிச் சராசரி எடுத்தால் 75, மோசமாகத் தெரியாது. அந்த ஒரு கேள்வி, சேர்ந்து விளையாடும்போது மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடிகிறதா என்பது. யாரும் தன்னை ஒதுக்கவில்லை என்று நினைக்கிறான், ஆனால் விளையாட்டு தன்னைவிட வேகமாக ஓடுகிறது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம் அது. தன் மாற்றம் தனக்கே தெரியாத பிள்ளையிடம் கேட்டு என்ன பயன் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம், எந்தக் கேள்வியில் கை தயங்கியது என்று பாருங்கள். முடிந்தால் நிரப்பிய தாளையே நகல் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் கூட்டுத்தொகை மட்டும்தான் வரும்.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கே இடறுகிறான் என்று தெரிந்ததால் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். இடைவேளையில் பத்துப் பேர் ஓடும் விளையாட்டுக்குப் பதில் இரண்டு பேர் ஆடும் பலகை விளையாட்டு, அதற்கு ஆசிரியை தானே தேர்ந்தெடுத்த ஒரு பொறுமையான பையன். மதியத்துக்கு முன் பதினைந்து நிமிடம் நூலக அறையில் ஓய்வு. கோபம் ஏறும்போது காட்ட மேஜையில் ஒரு அட்டை. வீட்டில் ஒரு பிரச்சினையை உடைத்து, வழிகளை எழுதி, ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் பார்ப்பது என்று எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோருக்குக் கொடுக்கும் இந்தப் பயிற்சி ஏதோ கூடுதல் என்று நினைத்தேன். குடும்பம் எப்படி இருக்கிறது என்பது காயத்தின் கடுமைக்கு இணையாகப் பிள்ளையின் நடத்தையைத் தீர்மானிக்கும் என்று சொல்லி, எங்களுக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். என் தூக்கம், என் கோபம், எங்கள் சண்டை எல்லாம் அதில் வந்தது. யாராவது என்னிடம் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டது அந்த ஒன்றரை வருடத்தில் அதுதான் முதல் முறை.

ஆறு மாதம் கழித்து அதே தாள், அதே ஆட்கள். என் தாளில் 19 இப்போது 15, நட்பு 7லிருந்து 5. ஆசிரியையின் 21 இப்போது 17. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நட்பில் இருந்த அந்த 5 என் கையில் இருந்த முதல் நல்ல செய்தி. திரும்ப அளக்கும்போது சில விஷயங்கள் பார்க்க வேண்டும், இவற்றையும் தடுமாறித்தான் கற்றேன். கோடை விடுமுறையில் ஒரு முறையும் பரீட்சை மாதத்தில் ஒரு முறையும் நிரப்பினால் ஒப்பிடவே முடியாது, கூட்டமே இல்லாத விடுமுறையில் எல்லாப் பிள்ளையும் அமைதிதான். ஆசிரியர் வருடாவருடம் மாறுவார், அதனால் வருடக் கடைசியில் பழையவரிடமும், புது வருடத்தில் இரண்டு மாதம் பழகிய பின் புதியவரிடமும் வாங்குங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் ஏறி இறங்குவதை வைத்து மகிழவோ ஒடியவோ கூடாது, நம் மனநிலைக்கே அவ்வளவு மாறும். 'இந்த மாற்றம் அளவீட்டின் ஊசலாட்டத்தைத் தாண்டியதா?' என்று உளவியலாளரிடம் கேளுங்கள், அதைக் கணக்கிட வழி இருக்கிறது. எல்லைக்கோடுகளையும் இறுகப் பிடிக்காதீர்கள். அவை வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்டவையாக இருக்கலாம். உங்கள் பிள்ளையை அவனுடைய முந்தைய தாளோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது. இணையத்தில் தாள் கிடைக்கிறதே என்று நாமே மதிப்பெண் போட்டு முடிவு கட்டிவிடுவதும் வேண்டாம். நான் ஒரு முறை அப்படிச் செய்து, நல்லதைச் சொல்வதால் தலைகீழாக மதிப்பிட வேண்டிய வாக்கியங்களைக் கவனிக்காமல் கூட்டி, ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேன்.

இத்தனை தாளிலும் எனக்கு மனதுக்கு நெருக்கமானது பங்கேற்பை அளக்கும் ஒன்று. 20 கேள்விகள். பிள்ளையிடம் என்ன குறை என்று அது கேட்கவில்லை. வீட்டில், தெருவில், பள்ளியில் அவன் வயதுப் பிள்ளைகள் செய்வதில் இவன் எவ்வளவு கலந்துகொள்கிறான் என்று கேட்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் உடல் இயக்கம், செயல், பங்கேற்பு என்று பிரித்து வைத்த சட்டகத்தில் மூன்றாவது அது. நடக்கிறான் என்பது ஒன்று. நடந்து யார் வீட்டுக்குப் போகிறான் என்பது இன்னொன்று. குழந்தைகளின் மூளைக்காய ஆய்வுகளுக்குப் பொதுவான அளவுகோல்களைப் பரிந்துரைத்து 2012இல் நிபுணர்கள் வெளியிட்ட பட்டியலில், சமூகத்தில் பங்கேற்பதும் குடும்பச் சூழலும் தனித் துறைகளாகவே இடம்பெற்றிருந்தன. என் மகன் விழுவதற்கு முன்பே இவ்வளவும் எழுதி வைத்தாகிவிட்டது. எங்கள் கைக்குத்தான் வந்து சேரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

தாள்களுக்கு நடுவே உள்ள மாதங்களுக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் ஒரே வரி. 'இன்று மோசம்', 'இன்று பரவாயில்லை' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து ஒன்றும் புரியாது, அதனால் எண்ணக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்: யாரோடு விளையாடினான், எத்தனை நிமிடம், கத்தல் எத்தனை முறை, எத்தனை மணிக்குத் தூங்கினான். மருத்துவர் முன் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் அழாமல் பேச இந்த நோட்டு எனக்குக் கைப்பிடி. தூக்கம் குறைந்த மறுநாள் கத்தல் இரட்டிப்பாகிறது என்பதையும் இந்த நோட்டுதான் காட்டியது, அதை எந்தக் கேள்வித்தாளும் காட்டவில்லை. இப்போது வருடத்துக்கு ஒரு முறையும், பள்ளிக்கட்டம் மாறும்போது கூடுதலாக ஒரு முறையும் அளக்கிறோம். நடுநிலைப் பள்ளிக்குப் போனபோது நட்புப் பகுதி மறுபடி 6க்கு ஏறியது. பழைய நானாக இருந்தால் இடிந்து போயிருப்பேன். புதுக் கூட்டம், ஆறு ஆசிரியர்கள், பாடவேளைக்குப் பாடவேளை அறை மாற்றம் என்று முன்மூளைக்கு வேலை கூடியிருக்கிறது என்று தெரிந்ததால், தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போய்ப் பேசினேன். மூன்று வாரத்தில் ஏற்பாடு செய்தார்கள். முன்பு ஒன்றரை வருடம் ஆனது.

இந்த வருடம் அவனுக்கு 11 வயது. எஸ்.டி.க்யூ.வை இனி அவனே நிரப்பலாம், சுய வடிவம் 11 வயதிலிருந்து உண்டு. போன வாரம் உட்கார்ந்து நிரப்பினான். நல்ல நண்பன் ஒருவனாவது இருக்கிறானா என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும், அங்கே வெகு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "அம்மா, அந்தப் பலகை விளையாட்டுப் பையன் இப்ப வேற பிரிவு. ஆனா சனிக்கிழமை வருவான். அதுக்கு எதைப் போடணும்?" என்று கேட்டான். உனக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதைப் போடு என்றேன். 'ஓரளவு உண்மை'யைக் குறித்தான். அவன் சொன்னதை அப்படியே தாளின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி, உளவியலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.